பென்டோடைக் கையில் எடு!

உன் கிதாருக்கு ஒரு வால்வு ஆம்ப் வேண்டும் என்று உனக்கு நெடுநாள் ஆசை. விலையைக் கேட்டாய், வாயை மூடிக்கொண்டாய். சின்னதாக ஒரு டிரான்சிஸ்டர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, "நம்ம ஊருக்கு இது போதும்" என்று உனக்கு நீயே சொல்லிப் பழகிவிட்டாய். கருவடிக்குப்பத்துத் தம்பியே, தங்கச்சியே, அந்த வார்த்தையை உன் நாக்கிலிருந்து பிடுங்கி எறியத்தான் இதை எழுதுகிறேன். போதாது! உன் விரலுக்கு அது போதாது. உன் வீட்டு மொட்டை மாடி அறையில் ஒரு சால்டரிங் அயன், கொஞ்சம் ஈயம், ஒரு மல்டிமீட்டர் வைத்துக்கொண்டு நீயே வால்வு ஆம்ப் கட்டலாம். கட்டுவது மட்டுமா, அதன் முதல் வால்வாகப் பென்டோடையே போட்டுக் கட்டு. பெரிய கம்பெனிகள் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிய இடம் அது. அவர்களைப் பின்வாங்க வைத்த காரணம் உன்னிடம் செல்லாது. ஏன் செல்லாது என்று சொல்கிறேன், கேள்.

முதலில் வால்வைக் கண்டு மிரளாதே. கண்ணாடிக் குப்பி ஒன்றிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். நடுவில் கேத்தோடு, அதற்குள் ஹீட்டர் இழை சிவக்கச் சிவக்க எரிகிறது. சூடேறிய கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்புகின்றன. சுற்றி நிற்கும் பிளேட்டில் பாசிட்டிவ் வோல்ட்டேஜ் இருப்பதால் அங்கே பாய்கின்றன. இடையில் மெல்லிய கம்பிச் சுருளாக ஒரு கிரிட். பாகூர் ஏரி மதகில் பலகையை ஒரு விரற்கடை தூக்கினால் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடும். கிரிட் செய்கிற வேலை அதுதான். உன் கிதார் பிக்கப் தருகிற மின்னசைவு பல சமயம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அது அந்தப் பலகையை ஆட்டுகிறது. பிளேட்டில் பல வோல்ட் ஆடுகிறது. 1906-இல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் இந்தக் கிரிட்டைச் செருகியதும் டிரையோடு பிறந்தது.

டிரையோடுக்கு ஒரு குறை. பிளேட்டும் கிரிட்டும் பக்கம் பக்கமாக நிற்பதால் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்டென்சர் உருவாகிவிடுகிறது. கிதார் ஆம்ப்களில் இன்று எங்கும் காணப்படுகிற இ.சி.சி. 83 வால்வில் அது 1.6 பிக்கோ ஃபாரட்தான். ஆனால் வால்வு எத்தனை மடங்கு பெருக்குகிறதோ ஏறக்குறைய அத்தனை மடங்கு இதுவும் பெருகி, உள்ளே நுழைகிற சிக்னலின் மேல் 100 பிக்கோ ஃபாரட் சுமையாக உட்கார்ந்துவிடுகிறது. மில்லர் விளைவு என்று இதற்குப் பெயர். மெல்லிய தந்தியின் மினுமினுப்பில் கொஞ்சம் அந்த வாசலிலேயே போய்விடுகிறது. இதைத் தடுக்கப் பிளேட்டுக்கு முன்னால் ஸ்கிரீன் என்று இன்னொரு கிரிட் வைத்தார்கள். அதில் வேறு தொல்லை முளைத்தது: பிளேட்டில் மோதித் தெறித்த எலெக்ட்ரான்கள் ஸ்கிரீனுக்கு ஓடின. 1926-இல் ஹாலந்தில், பிலிப்ஸ் ஆய்வகத்தில், பெர்னார்ட் டெல்லெகன் மூன்றாவதாக ஒரு கிரிட்டைச் செருகி, கேத்தோடோடு இணைத்து, தெறித்தவற்றைப் பிளேட்டுக்கே திருப்பி அனுப்பினார். பென்டோடு வந்தது. 1900-இல் பிறந்த டெல்லெகனுக்கு அப்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். உன் வயதுதான்! உலகம் முழுக்க ரேடியோக்களில் உட்காரப்போகிற ஒரு பொருளை உன் வயதுக்காரர் ஒருவர் யோசித்து முடித்துவிட்டார். உன் வேலை அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை; அவர் கண்டுபிடித்ததை எடுத்து நாலு ரெசிஸ்டரோடு சேர்த்துக் கட்டவேண்டும், அவ்வளவே.

பென்டோடுகளில் உனக்கு நான் சொல்வது இ.எஃப். 86. ஒன்பது பின், 6.3 வோல்ட் ஹீட்டர், 200 மில்லி ஆம்பியர். சத்தக் கருவிகளுக்கென்றே, இரைச்சல் குறையும்படி, உள்ளேயே தகட்டு மறைப்பு வைத்துச் செய்த வால்வு. 1960-இல் வந்த நாய்மன் யூ 67 ஒலிவாங்கிக்குள் இருப்பது இதே வால்வு. உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களில் பாடகர்களின் மூச்சைப் பதிவு செய்தது அது. இரட்டை டிரையோடான இ.சி.சி. 83-இன் ஒரு பாதி 60 மடங்கு பெருக்கினால், இ.எஃப். 86 சாதாரண இணைப்பிலேயே 110 மடங்கு பெருக்கும். கொஞ்சம் மெனக்கெட்டால் 180 வரை போகும். பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே உள்ள அந்த ஒளிந்த கண்டென்சரோ 0.05 பிக்கோ ஃபாரட்டுக்கும் கீழே. தந்தியின் நுனியில் விரல் படுகிற ஒலிகூட நசுங்காமல் உள்ளே வரும். மெதுவாக வாசித்தால் மணியாக ஒலிக்கும். ஓங்கி அடித்தால் வால்வு திமிறி, ஒலி தடித்து, கரகரத்து எழும். விரலின் அழுத்தத்துக்கு இப்படிப் பதில் சொல்கிற வால்வை ஒரு முறை வாசித்துப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

இப்போது அந்தப் பின்வாங்கிய கதைக்கு வருகிறேன். இங்கிலாந்தில் டிக் டென்னி என்று ஒரு கிதார் வாசிப்பவர். போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். தனக்கு வேண்டிய ஆம்பைத் தானே கட்டிக்கொண்டவர். 1956-இல் தான் கட்டிய மாதிரியைப் பழைய வேலைத்தோழர் டாம் ஜென்னிங்ஸிடம் காட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1958-இல் வெளிவந்த வாக்ஸ் ஏ.சி. 15. முன்னால் இ.எஃப். 86, கடைசியில் இரண்டு இ.எல். 84. தி ஷேடோஸ் குழுவின் கிதார் ஒலியைக் கேட்டவர்கள் வாக்ஸின் குரலைக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கட்டிய பெட்டியிலிருந்து தொடங்கிய வரலாறு இது, மறந்துவிடாதே!

பிறகு மேடைகள் பெரிதாயின, ரசிகர்களின் கூச்சல் பெரிதாயிற்று. 30 வாட் பெட்டி வந்தது. தொடக்கத்தில் அதிலும் இ.எஃப். 86-ஐத்தான் போட்டார்கள். வால்வும் ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள். ஸ்பீக்கர் அதிர, வால்வுக்குள் முடியளவு கம்பிச் சுருள்கள் அசைந்தன. அசைந்த சுருள்கள் தாமே ஒரு ஒலியைக் கிளப்பின. அது பெருகி, ஸ்பீக்கரில் வந்து, மறுபடி வால்வை ஆட்டி ஊளையிட்டது. வால்வுகள் சீக்கிரம் கெட்டன, பெட்டிகள் பழுதுக்குத் திரும்பி வந்தன. கம்பெனி இ.எஃப். 86-ஐ எடுத்துவிட்டு இ.சி.சி. 83-ஐ வைத்தது. ஊர் உலகமும் அதே வழியில் போனது. முப்பது ஆண்டு கழித்து, அமெரிக்காவில் மேட்ச்லெஸ் என்ற சிறிய கம்பெனி தன் டி.சி. 30 ஆம்பில் ஒரு சேனலுக்கு இ.எஃப். 86-ஐ மறுபடி கொண்டுவந்தபோதுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

தொழிற்சாலை ஏன் தோற்றது? அதற்கு ஆயிரம் பெட்டி செய்யவேண்டும். ஒவ்வொரு வால்வையும் பென்சிலால் தட்டிப் பார்த்து, நல்லதை மட்டும் பொறுக்க அதற்கு நேரம் கிடையாது. விற்ற பெட்டி எந்த வேனில் எப்படிக் குலுங்கும் என்று அதற்குத் தெரியாது. தூக்கிப்போக வசதியாக ஒரே பெட்டியாக இருக்கவேண்டும் என்று வாங்குபவர் கேட்பார். உனக்கு இதில் ஒரு நெருக்கடியும் இல்லை. நீ கட்டப்போவது ஒன்றே ஒன்று. மூன்று வால்வு வாங்கி, மூன்றையும் தட்டிக் கேட்டு, அமைதியானதைப் போடலாம். ஆம்பை ஒரு பெட்டியிலும் ஸ்பீக்கரை வேறு பெட்டியிலும் வைக்கலாம். வால்வு உட்காரும் பேஸை நேரே தகட்டில் முறுக்காமல், சின்னத் தகட்டில் பொருத்தி, நாலு ரப்பர் வளையத்தின் மேல் மிதக்க விடலாம். அந்த பேஸுக்குப் போகிற கம்பிகளைக் கெட்டிக் கம்பியாகப் போடாமல் மெல்லிய பலஇழைக் கம்பியாகப் போட்டால் அதிர்வு கம்பி வழியாகவும் ஏறாது. இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கோடி கோடியாக முதல் போட்டவர்களால் முடியாததை நீ செய்ய முடிவது, உன்னிடம் இருக்கிற பொறுமையால். இந்த இடத்தில் ஏழை நீ இல்லை. பொறுமைக்கு நேரமில்லாத அவர்கள்தான் ஏழைகள்!

"அண்ணா, இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் கதை" என்பாய். சரி, உன் ஊர்க் கதைக்கு வா. கருவடிக்குப்பம் மயானத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. எத்தனை முறை அந்தப் பக்கம் போயிருப்பாய்? 1922 நவம்பர் 13-இல் புதுச்சேரியில் கண் மூடியவர். ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இல்லாத மேடையில், கடைசி வரிசை வரை போய்ச் சேரும்படி பாட்டும் வசனமும் கட்டியவர். அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று நாடக உலகம் இன்றும் வியக்கிறது. பக்கவாதம் தாக்கிய பிறகும் நாடகக் குழுவோடே ஊர் ஊராகப் போனவர். சற்றுத் தள்ளிச் சித்தானந்தர் கோயில் பக்கத்துத் தோப்பில்தான் பாரதியார் குயில் பாட்டைக் கண்டார் என்று நம் ஊர் பெருமையாகச் சொல்கிறது. போலீஸ் வேவு, கையில் காசில்லாத நாட்கள், அச்சிட்ட பத்திரிகைக்குத் தடை, அத்தனைக்கும் நடுவே பத்தாண்டு புதுச்சேரியில் வாழ்ந்து எழுதியவர். இந்த மண்ணில் பிறந்துவிட்டு "நம்ம ஊருக்கு இது போதும்" என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வருகிறது?

வால்விலேயே சான்று வேண்டுமா? பென்டோடு பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1924-இல், சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி இங்கிலாந்திலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து, தானே கோத்து, ஒலிபரப்புக் கருவி கட்டினார். மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அப்படித்தான் பேசத் தொடங்கியது, 40 வாட் கருவியில். 1927-இல் பணமில்லாமல் கிளப் மூடப்பட்டபோது அதனிடம் இருந்த கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலி என்ற பெயரே அப்போது கிடையாது. கோவையில் ஜி.டி. நாயுடு, பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர், இளம் வயதில் ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிக் கழற்றி மாட்டியே இயந்திரம் கற்றவர். 1941-இல் அவர் சொன்னார்: ஐந்து வால்வு ரேடியோவை இந்தியாவிலேயே எழுபது ரூபாய்க்குச் செய்ய முடியும். எழுபது ரூபாய்க்கு! இறக்குமதி ரேடியோ இருக்கிற வீட்டைத் தெருவே வேடிக்கை பார்த்த காலம் அது. நாடு விடுதலை பெற்ற பின் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இ.சி.சி. 83-ஐயும் இ.எல். 84-ஐயும் நம் கைகளாலேயே செய்தது. அந்த வால்வுகளை இன்று வெளிநாட்டுக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். நம் வால்வை அவர்கள் மெச்சி வாங்கும்போது, அதைக் கையில் எடுத்துக் கட்ட நாம் தயங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, கட்டலாம் வா. இரண்டே வால்வு போதும்: முன்னால் இ.எஃப். 86, பின்னால் ஒரு இ.எல். 84. கணக்குப் பார். இ.எல். 84 தன் முழு பலத்தைக் காட்ட, அதாவது ஐந்து வாட்டுக்கு மேல் தர, கிரிட்டில் நாலு, நாலரை வோல்ட் வேண்டும். பிக்கப் தருவது 50 மில்லி வோல்ட் என்று வை. 110-ஆல் பெருக்கு: ஐந்தரை வோல்ட். ஒரே படியில் எட்டிவிட்டாய்! டிரையோடாக இருந்தால் இரண்டு படி வேண்டும். ஐந்து வாட் போதுமா என்று கேட்காதே. நல்ல பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரில் ஐந்து வாட் உன் தெருவையே எழுப்பிவிடும்.

மின்சாரப் பகுதிக்கு 230 வோல்ட்டை 200 வோல்ட், 100 மில்லி ஆம்பியராகவும், 6.3 வோல்ட், 2 ஆம்பியராகவும் மாற்றுகிற டிரான்ஸ்பார்மர். டயோடு பிரிட்ஜ் தாண்டி கண்டென்சரில் 270, 280 வோல்ட் டி.சி. நிற்கும், ஒரு ரெசிஸ்டர், இன்னொரு கண்டென்சர் போட்டு 250-க்கு இறக்கு. இ.எஃப். 86-இன் பிளேட்டுக்கு 220 கிலோ ஓம், ஸ்கிரீனுக்கு 1 மெகா ஓம், கேத்தோடுக்கு 2.2 கிலோ ஓம், அதன் மேல் 25 மைக்ரோ ஃபாரட். கிரிட்டிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம். ஸ்கிரீனிலிருந்து தரைக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர். இதை மறந்தால் பெருக்கம் சரிந்துவிடும், வால்வே சரியில்லை என்று நினைத்து ஏமாந்துவிடுவாய். இந்தக் கண்டென்சரைச் சின்னதாக்கினால் அடித்தொனி மெலியும். பல ராத்திரி விளையாடலாம் இந்த ஒரு பாகத்தோடு. இ.எல். 84-இன் கேத்தோடுக்கு 150 ஓம், 5 வாட். அங்கே மீட்டரை வை, சுமார் 7.5 வோல்ட் காட்டினால் வால்வு வழியாக 50 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. ஓம் விதி, பத்தாம் வகுப்பில் படித்ததுதான். மதிப்பெண்ணுக்குப் படித்த பாடம் உன் கையில் பாட்டாக மாறுவதை அந்த மீட்டர் முள்ளில் பார்ப்பாய்.

அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். இதற்கு நீ கடல் தாண்டி ஆர்டர் போடவேண்டாம். ஸ்டெபிலைசர் டிரான்ஸ்பார்மர் சுற்றுகிற வைண்டிங் கடை அண்ணனிடம் போ. 5 கிலோ ஓமை 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பொருத்த 25-க்கு 1 என்ற சுற்று விகிதம். அவர் வழக்கமாக 'ஈ' வடிவத் தகட்டையும் 'ஐ' வடிவத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்குவார். இங்கே அப்படி அடுக்கக்கூடாது. ஒற்றை வால்வில் டி.சி. கரண்ட் ஓயாமல் ஒரே திசையில் ஓடுவதால் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோகும். 'ஈ' எல்லாம் ஒரு பக்கம், 'ஐ' எல்லாம் மறு பக்கம், நடுவில் கெட்டிக் காகிதம் ஒன்று. பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக இடைவைத்துச் சுற்றச் சொல். "எதுக்குத் தம்பி இது?" என்று அவர் கேட்பார். சொல்லிக்கொடு. முப்பது வருடம் சுற்றிய கைக்கு நீ ஒரு புது வேலை தருகிறாய். அந்தக் கை உன் பாட்டுக்குள் வருகிறது.

வால்வு எங்கே கிடைக்கும்? ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் இன்றும் வால்வு செய்கிறார்கள், தபாலில் வரவழைக்கலாம். சோவியத் காலத்தில் இ.எஃப். 86-க்கு நேர் நிகராக அவர்கள் செய்த வால்வும் கிடைக்கிறது. அதற்கு முன்னால் காந்தி வீதி ஞாயிறு சந்தையையும் காயலான் கடைகளையும் ஒரு சுற்றுப் பார். பழைய ஸ்பூல் டேப் ரெக்கார்டர் கண்ணில் பட்டால் விடாதே. கிரண்டிக், பிலிப்ஸ் வகைகள் பலவற்றில் முதல் வால்வே இ.எஃப். 86. பழைய ரேடியோவிலிருந்து எடுக்கிற இ.எஃப். 89-ஐப் பார்த்து மயங்கிவிடாதே. அதுவும் பென்டோடுதான், ஆனால் ஸ்டேஷன் ஒலியை ஏற்றி இறக்கத் தானே வளைந்துகொடுக்கும்படி செய்தது. கிதாரின் முதல் படிக்கு அது பொருந்தாது. சிக்கனமாகப் பழக வேண்டுமென்றால் 6 ஏ.யூ. 6 நல்லது, பின் அமைப்பு வேறு, அதைப் பார்த்து இணை. நம் கடற்காற்றில் பழைய பேஸின் பின்கள் கறுத்திருக்கும்; சுரண்டிச் சுத்தம் செய்யாமல் மாட்டினால் கரகரப்பு உன்னை நாள்கணக்கில் அலைய வைக்கும்.

இனி உரக்கச் சொல்கிறேன், காது கொடு. இந்தப் பெட்டிக்குள் 280 வோல்ட் டி.சி. இருக்கிறது. அது ஆளைக் கொல்லும். தைரியம் என்ற பெயரில் யாரும் இதில் விளையாட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர் கரண்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடு. அணைத்தபின் இரண்டு நிமிடம் பொறு. மீட்டரால் அள. 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கை வை. இரும்புத் தகட்டை மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு நட்டும் போல்ட்டும் போட்டு இறுக்கு. ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரியஸில் போட்டுக் கொடு. தப்பு ஏதாவது இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து சொல்லும், வால்வும் டிரான்ஸ்பார்மரும் பிழைக்கும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆம்பை ஒருபோதும் ஓட்டாதே. தனியாக இருக்கும்போது திறந்த பெட்டியில் வேலை செய்யாதே. முதல் பெட்டியை, வால்வு வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கக் கட்டு. லாஸ்பேட்டை மோதிலால் நேரு பாலிடெக்னிக் உன் வீட்டுக்குப் பக்கம்தான்; அங்கே எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நண்பன் ஒருவனாவது உனக்கு இருப்பான். அவனையும் இழுத்துவா. பயப்படச் சொல்லவில்லை. மரியாதை கொடுக்கச் சொல்கிறேன். இந்த மரியாதையைக் கற்றவன் கை நடுங்காது.

முதல் நாள் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வரும். வரட்டும்! மனம் தளர்ந்து பெட்டியைப் பரணில் போட்டுவிடாதே. அந்த ஹம்முக்கு ஊர் பேர் உண்டு. கீழே 50 ஹெர்ட்ஸாக முனகினால் ஹீட்டர் கம்பி: இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, தகட்டின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோ; இரு முனையிலிருந்தும் 100 ஓம் வீதம் தரைக்கு இணை. அப்போதும் அடங்காவிட்டால் இ.எஃப். 86-க்கு மட்டும் ஹீட்டரை டி.சி. ஆக்கிக் கொடு. கொஞ்சம் மேலே, 100 ஹெர்ட்ஸில் உறுமினால் அது மின்சாரப் பகுதியின் கண்டென்சர், இல்லையேல் தரை இணைப்பு. தரைக் கம்பிகளைக் கண்ட இடத்தில் பற்றவைக்காமல் ஒரே புள்ளிக்குக் கொண்டுவா. பென்சிலால் வால்வைத் தட்டினால் டிங் என்று ஒலிக்கிறதா? ரப்பர் வளையத்தைச் சரிபார், வால்வை மாற்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு காரணம், ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கம்பி. ஒரு ராத்திரி ஒரு காரணம் என்று வைத்துக்கொள். தன்னம்பிக்கை மேடைப் பேச்சில் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வேன். "ஏன் இப்படி ஆகிறது?" என்று கேட்டு, அளந்து, கண்டுபிடித்து, சரிசெய்து, அந்த உறுமல் உன் கண்ணெதிரே அடங்கிப்போகிற நொடியில் அது உன் முதுகெலும்புக்குள் இறங்கும். பிறகு எவரும் வந்து உன்னிடம் "உன்னால் முடியாது" என்று சொல்ல முடியாது. சொன்னாலும் உன் காதில் விழாது.

வீட்டில் திட்டுவார்கள். "படிக்கிற வயசில் என்ன இது ஓட்டை உடைசல்?" என்பார் அப்பா. கோபப்படாதே. ஒரு நாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஹீட்டர் மெல்லச் சிவந்து வருவதைக் காட்டு. ரேடியோ சூடேறிப் பேசத் தொடங்கக் காத்திருந்த தலைமுறை அவருடையது, இல்லையென்றால் அவர் அப்பாவுடையது. அவருக்குப் பிடித்த இளையராஜா பாட்டின் கிதார்த் துணுக்கை வாசி. பண்ணைப்புரத்திலிருந்து வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, கிதார் வாசிப்பவராக ஜி.கே. வெங்கடேஷின் குழுவில் உட்கார்ந்தவர்தான் அவர் என்பதையும் சொல். தங்கச்சி, உனக்குத் தனியாக ஒன்று: "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சால்டரிங் அயன்?" என்று கேட்பவருக்கு வாயால் பதில் சொல்லாதே. பற்றவைத்த ஒரு முனையைக் காட்டு. ஈயம் பளபளவென்று, கம்பியைச் சுற்றிச் சீராக ஓடி நிற்கட்டும்.

உனக்கு அண்டையில் ஆரோவில்லில் ஸ்வரம் என்ற பட்டறை சுற்று வட்டாரக் கிராமத்து இளைஞர்களைப் பழக்கியே இசைக்கருவிகள் செய்கிறது. அவர்கள் கை செய்கிறபோது உன் கை செய்யாதா? உன் பெட்டி வேலை செய்யத் தொடங்கியதும் அதன் வரைபடத்தைச் சுத்தமாக ஒரு தாளில் போடு. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் என்று பக்கத்தில் எழுது. பிரதி எடுத்து, கேட்கிற ஒவ்வொருவருக்கும் கொடு. 1950-களில் இங்கிலாந்தின் மல்லார்ட் கம்பெனி, இ.எஃப். 86-ஐ முன்னால் வைத்த ஆம்ப்புகளின் வரைபடங்களை வீட்டில் கட்டுபவர்களுக்கென்றே புத்தகமாகப் போட்டது. இன்றும் உலகம் அதைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறது. கருவடிக்குப்பத்திலிருந்து அப்படி ஒரு தாள், தமிழில், ஏன் வரக்கூடாது?

ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று, பிரான்ஸில் 1982-இல் தொடங்கிய இசைத் திருவிழாவைப் புதுச்சேரியும் கொண்டாடுகிறது. அடுத்த ஜூன் 21-க்குள் உன் ஆம்ப் தயாராக இருக்கவேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போ. டிரான்ஸ்பார்மருக்குச் சொல்லிவிடு. பொங்கலுக்குள் தகட்டில் துளை போட்டு முடி. சித்திரைக்குள் ஹம் அடங்கட்டும். ஜூன் 21 மாலை, அந்த இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைப் பக்கம் வா. நான் கூட்டத்தில் நிற்பேன்.